நான்கு கொடுத்தால் இரண்டு

வெல்டிங் மெஷினை இரவல் கேட்டு
ஓரெஸ்ட் பவ்லுக் என் பட்டறைக்கு வந்த அன்று
மானிடோபாவில் மைனஸ் முப்பத்தொன்று.
எதை ஒட்டப்போகிறாய் என்றேன்.
ஒன்றையும் ஒட்டவில்லை,
மின்சாரத்துக்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்றான்.

பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
இரவில் அவனுடைய காலி உருளைக்கிழங்குக் கிடங்கில்
ஆளுயரக் குழாய், அதன்மேல்
ஆயிரத்து நூறு சுற்றுச் செம்புக்கம்பி,
உச்சியில், உலர்த்தி இயந்திரத்தின் குழாயை வளைத்துச் செய்த
அலுமினிய வளையம்.
மூலையில்
மின்கம்பத்திலிருந்து பணி ஓய்வு பெற்ற டிரான்ஸ்பார்மர்
எண்ணெய் கசிய உட்கார்ந்திருந்தது.

கம்பிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு
முதலில் ஒரு கிலோவாட் கொடுத்தோம்.
சாட்டை சொடுக்கிய சத்தம்.
நாலரை அடிக்கு ஊதா நாக்கு.
நனைந்த நாணயம் போல ஒரு வாசனை.

அடுத்தது இரண்டு.
நான் முந்திக்கொண்டு ஒன்பதாவது அடியில்
சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன்.
ஆறடி நாலு அங்குலத்தில் நின்றுவிட்டது.
ஓரெஸ்ட் என் கோட்டைப் பார்த்துச் சிரித்தான்:
ஒன்பதுக்கு நாலு வேண்டும், லேசியா.
பதினெட்டுக்குப் பதினாறு.

எந்தக் கடைக்காரன் இப்படி விற்பான்?
நீளம் இரட்டிக்க வேண்டுமென்றால்
நாலு மடங்கு எண்ணி வைக்கச் சொல்கிறான்.
கோபத்தில் அன்று முழுக்கப் பொறியையே பார்த்திருந்தேன்.
பார்த்தால்தான் தெரிகிறது:
அது நேராகப் போவதில்லை.
வழியெல்லாம் கிளை பிரிகிறது,
காற்றைச் சுடுகிறது, கத்துகிறது, மினுங்குகிறது,
சம்பளக் கவரோடு சந்தைக்குள் நுழைந்தவன்
வீடு சேரும்போது
கையில் கொத்தமல்லிக் கட்டு மட்டும் இருப்பது போல
நுனிக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான்.

பதினெட்டாவது அடியில்
மரக்குதிரை ஒன்றை நிறுத்தி, அதில் ஆணி அடித்து,
ஆணியிலிருந்து மண்ணுக்குக் கம்பி இழுத்திருந்தான்.
அதைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.
ஏன் என்று கேட்கவில்லை.
எனக்கும் தொட வேண்டும்போல இருந்தது.

எட்டில், பன்னிரண்டடி எட்டங்குலம்.
பத்தில் எதிர்ப்பண்ணை மாகோவ்ஸ்கி வீட்டு விளக்குகள் மங்கி
அவர் தொலைபேசியில் உக்ரேனிய மொழியில் வைதார்.
பதினாலில் என் மெஷின் உறுமி
வார்னிஷ் கருகும் வாடை வந்தது.
அதற்குமேல் அதால் முடியாது.
பொறி பதினாறடி ஒன்பதங்குலம்.
ஒன்றேகால் அடி குறை.

அந்த ஒன்றேகால் அடிக்கு
இன்னும் இரண்டு கிலோவாட்.
முதல் நாள்
ஆறடிக்கு மேல் வாங்கித் தந்த
அதே இரண்டு.

வெள்ளிக்கிழமை இரவு
அவன் ஹாக்கி பார்க்கப் போயிருந்தபோது
கிடங்குக்குள் போனேன்.
மரக்குதிரையைப் பதினாறு அங்குலம்
இந்தப்பக்கம் தள்ளினேன்.
தரையில் பழைய சாக்பீஸ் குறியைத் துடைத்தேன்.
தூசியில் அதன் கால்கள் இழுபட்ட தடத்தை
துடைக்க மறந்தேன்.

சனிக்கிழமை அவன் தடத்தைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் கூண்டுக் கதவைச் சாத்தி
சுவிட்சைப் போட்டான்.

பொறி ஆணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
வலப்பக்கம் திரும்பி
கதவுத் தாழ்ப்பாளைப் போய்க் கடித்தது.
மறுபடியும் தாழ்ப்பாள்.
மறுபடியும்.

எங்களுக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை.
அணைத்ததும் அவன் வெளியே வந்து
பூட்ஸ் காலால் மரக்குதிரையை
பழைய இடத்துக்கே நகர்த்தினான்,
அங்குலம் பிசகாமல்.

மார்ச்சில் மெஷின் என்னிடம் திரும்பி வந்தது.
அறுவடை இயந்திரங்களின் உடைந்த பற்களை
அதை வைத்துத்தான் ஒட்டுகிறேன், நன்றாகவே ஒட்டுகிறது.
நேற்று பிராண்டன் கடையில்
இதைவிடப் பெரியது ஒன்று.
எத்தனை கிலோவாட் தாங்கும் என்று கேட்டேன்.
சும்மா, விலை தெரிந்துகொள்ளத்தான்.